டீச்சரின் இடது புருவம்

என் மனைவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பால்காரர், போஸ்ட்மேன், என் சொந்தத் தங்கை உட்பட. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நானே நாலைந்து தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றாள். வித்தியாசமாக ஏதும் நடந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் வேலை ஐந்து வயசுப் பிள்ளைகளோடு. நிறம், இருபது வரை எண்ணிக்கை, மூக்கைச் சட்டையில் துடைக்காமல் இருப்பது என்று சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அவள் பேர் வாங்கியது ஒன்றே ஒன்றில்தான். ஒரே மாதிரி ஒலியில் முடிகிற சொற்களைப் பிள்ளைகள் காதால் கண்டுபிடிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அவள் வகுப்பில் இதன் பெயர் 'சேரும் சேராது'. அவள் "கட்டில், தொட்டில்" என்பாள். முப்பது பிள்ளைகளும் கூரை அதிரும்படி "சேரும்" என்பார்கள். "கட்டில், கதவு" என்பாள். "சேராது!" அதே சத்தம்.

"காதுல ஒலி பிடிபட்டுட்டா, எழுத்து அது பின்னாலயே வந்துடும்" என்பது அவள் கட்சி. இதைப் பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டுப் பாலை ஊற்றினார்.

வருஷத்துக்கு ஒரு தடவை மேலே இருந்து கண்காணிப்பாளர் அம்மா வருவார். பத்துப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்துவார். ஆளுக்கொரு ஜோடிச் சொல். புதுக் குரலுக்குப் பிள்ளைகள் மிரளும் என்பதால் சொற்களை வகுப்பு டீச்சரே படிக்கலாம். இருபத்துநாலு வருஷமாக என் மனைவியின் வகுப்பு பத்துக்குப் பத்து. மற்ற பள்ளிக்கூடங்களில் ஆறு வந்தாலே பெரிய விஷயம்.

இங்கே அவள் இடது புருவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரு விஷயம் சரி என்று பட்டால் அந்தப் புருவம் ஒரு நெல்மணி உயரத்துக்கு மேலே போய்விட்டுத் திரும்பும். சரியில்லை என்றால் அசையாது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, சில சமயம் அவள் யோசித்து முடிப்பதற்கும் முன்பே, அது நடந்து முடிந்துவிடும். நாங்கள் குடும்பம் நடத்தியதே அதை வைத்துத்தான். என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா, இந்தச் சட்டை எடுக்கலாமா, மகளை வெளியூரில் படிக்க வைக்கலாமா என்று எது கேட்டாலும் நான் அவள் வாயைப் பார்க்க மாட்டேன். மகளும் அப்படித்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், "நான் எதையும் வெளியில காட்டிக்க மாட்டேன்" என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அதைச் சொல்லும்போதும் புருவம் ஏறி இறங்கும்.

என் முகம் நேர் எதிர். கல்யாணத்தன்று போட்டோகிராபர் மூன்று தடவை "மாப்ள, கொஞ்சம் சிரிங்க" என்றார். மூன்று தடவையும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் மின்விசிறி, மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். மோட்டார் சரியாகிவிட்டது என்பதையும் இனி தேறாது என்பதையும் ஒரே முகத்தோடு சொல்வதால், வாடிக்கையாளர்கள் நான் வாயைத் திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவள் வகுப்பில் மின்விசிறி நின்றுபோனது. நான் ஏணியைப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே 'சேரும் சேராது' நடந்தது. ஏணி மேலிருந்து பார்த்தால் முப்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருப்பது நன்றாகத் தெரியும். யாரும் அவள் வாயைப் பார்க்கவில்லை. அதற்கு மூன்று விரல்கடை மேலே பார்த்தார்கள். "பானை, யானை" என்றாள். புருவம் ஏறியது. "சேரும்!" "பானை, பந்து" என்றாள். புருவம் படுத்திருந்தது. "சேராது!" கடைசி வரிசையில் ஒரு பிள்ளை இரண்டு காதையும் பொத்தி விளையாடிக்கொண்டே சரியான பதில் சொன்னது.

நான் திருகாணியைப் போட்டு முடுக்கிவிட்டு இறங்கினேன். மின்விசிறி ஓடியது. வீட்டுக்குப் போய் மகளிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயசு. ஐந்து வயசில் அவளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். "எல்லாருக்கும் தெரியும்பா" என்றாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். நல்ல எண்ணத்தில்தான் என்று அப்போது நினைத்தேன்.

இந்த வருஷம் கண்காணிப்பாளர் அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபது நாளில் வருகிறாராம். இந்தத் தடவை வகுப்பைப் போனில் படம் பிடித்து எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப் போகிறாராம். பத்துக்குப் பத்து வந்தால் என் மனைவியைப் பயிற்சி ஆசிரியையாகப் போடச் சிபாரிசு செய்வாராம். மற்ற டீச்சர்களுக்கு அவள் பாடம் எடுப்பாள். பத்து வருஷமாக அவள் வாய்விட்டுக் கேட்காமல் காத்திருந்த விஷயம் அது. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்து, "பாப்போம்" என்றாள். புருவம் ஏறியது ஏறியதுதான், கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

அந்த வாரமே இடது கண் இமையில் கட்டி வந்தது. டாக்டர் அதைக் கீறிவிட்டு, இமையிலிருந்து நெற்றி வரைக்கும் தாராளமாகப் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டினார். ஒரு வாரம் எடுக்கக் கூடாது என்றார். அவள் மறுநாளே வகுப்புக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"பசங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. கட்டில், தொட்டில்னு கேக்கறேன், ஒருத்தர் வாயத் திறக்கல. எல்லாம் என்னையே பேந்தப் பேந்தப் பாக்குதுங்க."

"பிளாஸ்டரை எடுத்துட்டா சரியாயிடும்" என்றேன்.

"கட்டைப் பாத்துப் பயப்படுதுங்கன்னு சொல்றீங்களா?"

"ஆமா" என்றேன். பிளாஸ்டர் இருந்ததால் அவள் நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது நாள் விஷயம் உடைந்தது. வகுப்பில் ஒரு பெண் குழந்தை உண்டு. யாரோடும் சிரிக்காது, பேசாது. சக பிள்ளைகள் அதற்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எழுந்து டீச்சர் பக்கத்தில் வந்து நின்று பிளாஸ்டரைச் சுட்டிக்காட்டியது.

"டீச்சர், அதை எடுங்க. பதில் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு."

வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டரின் மேல் ஓரத்தை மட்டும் மெல்லப் பிரித்தாள். சொற்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். "மூக்கு, நாக்கு." நிறுத்தினாள். "மூக்கு, முடி." நிறுத்தினாள். முப்பது ஜோடி படித்தாள். அப்புறம் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். விரலும் சேர்ந்து ஏறியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபத்துநாலு வருஷம். வருஷத்துக்கு முப்பது பேர்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "எழுநூத்தி இருபது பிள்ளைங்களுக்கு நான் என் புருவத்தைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க? பேங்க்ல ஒருத்தன் இருக்கான். பஸ் கண்டக்டர் இருக்கான். ரைம் தெரியாம யாரு கெட்டுப்போனா?"

"ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் வருஷா வருஷம் சொல்லும். உங்க பசங்க என்ன கேட்டாலும் என் மூஞ்சியையே பாக்குதுங்க, எழுத்துக் கூட்டத் திணறுதுங்கன்னு. பொறாமையில பேசுதுன்னு நினைச்சேன்." வலது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. இடது கண் பஞ்சுக்குள் என்ன செய்தது என்று தெரியாது. எனக்கு இது பதினொரு வருஷமாகத் தெரியும். என் முகத்தில் அது தெரிந்திருக்காது.

அன்று மகளுக்குப் போன் போட்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "நீ சின்னப்புள்ளையில எப்படிடீ பதில் சொன்ன?" என்றாள். "ஓ" என்றாள். "எல்லாருமா?" என்றாள். வெகுநேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, வெச்சுடறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளையிலிருந்து கடையை அரைமணி லேட்டாத் திறங்க. காலையில கிளாசுக்கு வரணும்."

"எதுக்கு?"

"நீங்கதான் சொல்லு படிக்கணும். உங்க முகத்துல ஒண்ணும் தெரியாது."

இருபத்தேழு வருஷமாக என்மேல் இருந்த பெரிய குறை இதுதான். அன்று அது தகுதியாகிவிட்டது.

மறுநாள் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து "குடை, கடை" என்றேன். என் மனைவி இரும்பு அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். முப்பது பிள்ளைகளும் என் முகத்தைத் நெற்றிமுதல் தாடைவரை தேடினார்கள். ஒருவன் எழுந்து வந்து பக்கவாட்டில் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. பத்துப் பேரைக் கேட்டதில் நாலு பேர் சரி. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்திருந்தாலே ஐந்து வந்திருக்கும்.

அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு அந்த வேலை அன்றுதான் தெரிந்தது. "சொல்லுக்கு வால் இருக்கு, வாலைப் பிடிங்க" என்றாள். கட்...டில் என்று இழுத்து, டில் வரும்போது எல்லோரும் காற்றில் முஷ்டியை மூட வேண்டும். தொட்...டில், மறுபடி முஷ்டி. ரெண்டு கையிலும் ஒரே வால் இருந்தால் சேரும். பிள்ளைகளுக்கு முஷ்டி பிடித்தது. அடுத்தவன் முதுகில் குத்தவும் அது உதவியது.

சிக்கல் பூட்டு, சாவியில் வந்தது. நான் அந்த ஜோடியைச் சொன்னதும் ஒரு பையன் "சேரும்" என்றான்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "வாலைப் பாரு. ட்டு. வி. ஒண்ணா?"

"பூட்டும் சாவியும் சேராம எப்படிக் கதவு திறக்கும்?"

எனக்கு அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. சொல்லவில்லை. பல்லி, பந்து என்றால் அரை வகுப்பு சேரும் என்றது, ரெண்டும் 'ப'வில் தொடங்குவதால். அவள் சளைக்கவில்லை. தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் காட்ட ஒரு துணியை உருட்டிப் பூனையாக்கி வைத்துக்கொண்டு, "பூனையைத் தலையில பிடிச்சா கடிக்கும்" என்றாள். பிளாஸ்டர் எட்டாம் நாள் எடுத்தாகிவிட்டது. இருந்தும் சொல் படிக்கிற நேரத்தில் அவள் அலமாரியைவிட்டு வெளியே வரவே இல்லை. உம்மணாமூஞ்சி மட்டும் முதல் நாலு நாள் என்னையும் பார்க்காமல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அதுவும் அலுத்துப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டது. நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அதன் உதடு ஓசையில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கும். நான் அடுத்ததைச் சொல்வேன். உதடு மறுபடி அசையும்.

இருபதாம் நாளுக்கு முதல் நாள் காலையில் எண்ணிப் பார்த்தோம். பத்துக்கு ஆறு.

"இங்க பாரு" என்றேன், சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில். "நாளைக்கு ஒரே ஒரு நாள். நீயே முன்னாடி நின்னு படிச்சிடு. பத்து வந்துடும். வேலை கிடைச்ச அப்புறம் மெதுவா இந்த வால் பிடிக்கிறதை எல்லா டீச்சருக்கும் சொல்லிக் குடு. நல்லதுதானே?"

அவள் நின்றாள். புருவத்தைப் பார்த்தேன். அது படுத்திருந்தது.

"அந்தம்மா படம் பிடிச்சு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பும். என் புருவத்தை எல்லா டீச்சரும் பாத்து, தங்களுக்கும் ஒண்ணு வளத்துக்கணுமா?" என்றாள்.

கண்காணிப்பாளர் அம்மா சரியான நேரத்துக்கு வந்தார். போனை நிறுத்தி வைக்க ஒரு சின்ன முக்காலிகூடக் கொண்டுவந்திருந்தார். நான் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இவர் புது டீச்சரா?" என்றார்.

"இல்ல மேடம். என் வீட்டுக்காரர். ஃபேன் ரிப்பேர் பண்றவர். இவர்தான் படிப்பார்."

"ஏன்?"

"இவர் முகத்துல ஒண்ணும் தெரியாது மேடம்."

கண்காணிப்பாளர் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மறுக்க அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. என் மனைவி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள்.

படித்தேன். கிளி, புளி: சேரும். தட்டு, மொட்டு: சேரும். பூட்டு, சாவி அதே பையனுக்கே போய்ச் சேர்ந்தது. அவன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அவனையும் சேர்த்து மூன்று பேர் தப்பு. ஒன்பது பேர் முடிந்து ஆறு சரி என்று இருந்தபோது உம்மணாமூஞ்சி எழுந்தது.

"ஏணி, ஆணி" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டது. உதடு அசைந்தது. ரெண்டு முஷ்டியும் மூடின. "சேரும்" என்றது. உட்காரவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. "தோணியும் சேரும்" என்றது.

தோணியை யாரும் கேட்கவில்லை. பட்டியலில் அந்தச் சொல்லே கிடையாது. நான் படித்ததும் இல்லை, அவள் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அந்தப் படத்தை இப்போது போட்டுப் பார்த்தாலும், கல் மாதிரி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும்.

"ஏழு" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "எப்பவும் பத்து வருமே டீச்சர். என்ன ஆச்சு?"

அவள் வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்தது வரை. செய்துகூடக் காட்டினாள். கண்காணிப்பாளர் அம்மா புருவத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், போனை அணைத்தார்.

"இதை வெச்சு மேல நான் என்னன்னு எழுதறது?"

"ஏழுன்னு எழுதுங்க மேடம்."

எழுதினார். பயிற்சி ஆசிரியை வேலைக்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். என் மனைவி தலையசைத்தாள். முக்காலியை மடிக்க நான் உதவி செய்தேன்.

பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் கிளம்புவதற்காக எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள். எனக்கு எதிரே இன்னொரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து நெற்றியோடு சேர்த்து இரண்டு புருவத்தையும் மூடிக்கொண்டாள்.

"ஒரு கேள்வி. இது உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரியாது. ரெண்டுல எது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். நாலு விரல்தான் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அந்தப் புருவத்தைப் பார்க்காமல் பதில் சொன்னது கிடையாது. பிளாஸ்டர் போட்ட அன்று அந்தப் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்தது.

"தெரியும்" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தேனே, அப்போதிருந்து. பதினோரு வருஷம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அதை நின்னு பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"பதினோரு வருஷம்னா முன்னூத்தி முப்பது பிள்ளைங்க" என்றாள். கை இறங்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்புச் செய்தவன் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் ஒரு சௌகரியமும் இல்லை.

"ஏணி மேலிருந்து பாத்ததைப் பொண்ணு அன்னைக்கே போன்ல சொல்லிட்டா" என்றாள் கொஞ்சம் கழித்து. "நீங்க தெரியாதுன்னுதான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

கையை எடுத்தாள். நான் நிமிர்ந்ததும் என் கண் முதலில் போன இடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க பாக்காதீங்க" என்றாள். "நாளைக்கும் வந்துடுங்க. இன்னும் மூணு பேர் பாக்கி இருக்கு."